பதின்மூன்றே கால் அடி

ஜவுபரிடம் சீத்தைத் துணி வாங்கிய பெண் எவளும் அளவு குறைந்துவிட்டது என்று வாயெடுத்தது கிடையாது. மோட்டார் சைக்கிளின் பின்னால் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு கல்முனையிலிருந்து வீரமுனை, சம்மாந்துறைப் பக்கம் அவர் போகத் தொடங்கிக் கால் நூற்றாண்டு ஆகிறது. மூட்டையோடு ஓர் இரும்புக் கோலும் போகும். அது மீற்றர் கோல். வாங்குகிற பெண்களோ இன்றைக்கும் யார்க் கணக்கில்தான், அதாவது கெஜத்தில்தான் கேட்பார்கள். "சட்டைக்கு ரெண்டு யார் வெட்டுங்க காக்கா" என்பார்கள். ஒரு யார் என்றால் மூன்று அடி. மீற்றர் அதைவிட மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல் நீளம். ஜவுபர் அதைப் பற்றி அலட்டிக்கொண்டதே இல்லை. யார்க் கணக்கில் கேட்டவளுக்கும் மீற்றர் கோலைத்தான் வைப்பார், விலையும் ஒரு யாருக்குச் சொன்ன விலைதான். யாராவது விவரம் தெரிந்தவள் கேட்டால், "ரெண்டும் ஒண்டுதான் புள்ள. மீற்றர் எண்டாலும் மூணடி, யார் எண்டாலும் மூணடி. கூடக் கிடந்தா உனக்கு நல்லம்தானே" என்று சிரித்துக்கொண்டே கத்தரியைப் போடுவார்.

அந்தச் சிரிப்புக்காகவே அவரிடம் வாங்கினார்கள். கை தாராளமான மனிதர். அவர் மேல் குற்றம் சொல்ல வேண்டுமென்றால் அந்தத் தாராளத்தைத்தான் சொல்ல வேண்டும்.

அவரை மட்டும் சொல்லி என்ன? எங்கள் கரைப் பக்கத்தில் அளவு என்பது ஒரு பெரிய கூத்து. அரிசி கிலோ, பெற்றோல் லீற்றர், வளவு பேர்ச்சஸ், வயல் ஏக்கர். பிள்ளையின் நிறையைக் கிலோவில் சொல்வார்கள், அதே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நூற்றிரண்டு என்பார்கள். மாப்பிள்ளையின் உயரம் அடியில் வரும், அவர் வேலைக்குப் போகிற தூரம் கிலோமீற்றரில் வரும், அவருடைய வாப்பா கடலுக்குப் போனால் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார். பள்ளிக்கூடத்தில் மீற்றர் படித்துவிட்டு வந்த பையன் மேசன் வேலைக்குப் போன அன்றே அடிக்கு மாறிவிடுவான்.

இதில் எது லேசு என்று தேநீர்க் கடையில் சண்டையே நடக்கும். மீற்றர்க்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு: எல்லாம் பத்துப் பத்தாகப் போகிறது, புள்ளியை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளினால் கணக்கு முடிந்தது. அடிக்காரர்கள் விடமாட்டார்கள். பன்னிரண்டை மூன்றாகப் பிரி, நாலாகப் பிரி, எதுவும் மிஞ்சாது. பத்தை மூன்றாகப் பிரித்துப் பார், விடியும்வரை முடியாது என்பார்கள். உண்மையில் இரண்டும் லேசுதான். ஒன்றுக்குள்ளேயே இருந்து சாகிறவனுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாண்டும்போதுதான் மனுஷன் கால் இடறி விழுகிறான்.

ஜவுபருக்கும் ஸுலைஹாவுக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் நஜ்லா, இளையவள் றுஸ்தா. எங்கள் ஊர்களில் பெண்ணைக் கட்டிக்கொண்டு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் பெண்பிள்ளை பிறந்தால் ஒரு வீடும் பிறந்தாக வேண்டும். வீடு இல்லாத பெண்ணை யாரும் கேட்டு வருவதில்லை. இதைக் குறை சொல்லிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பேசிவிட்டுப் போய்த் தங்கள் மகளுக்கு வீடு கட்டுவார்கள்.

ஸுலைஹாவுக்குத் தாய்வழியில் கடற்கரையோரம் ஒரு துண்டு வளவு இருந்தது. சுனாமியில் அவளுடைய உம்மாவும் வாப்பாவும் போனது அந்த வளவில்தான். பிறகு அங்கே யாரும் கால் வைக்கவில்லை. ஆனால் ஊருக்குள் நிலம் என்பது கையளவுதான், இருக்கிற நிலத்தையும் வாங்கக் கட்டாது. குடியிருக்கிற வீடு றுஸ்தாவுக்கு, கடற்கரை வளவில் ஒன்று கட்டி நஜ்லாவுக்கு என்று புருஷனும் பெண்சாதியும் பேசி முடித்தார்கள். ஸுலைஹா அன்றைக்கு அழுதாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கடலிலிருந்து அறுபத்தைந்து மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது. சுனாமிக்குப் பிறகு வந்த சட்டம் இது, எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜவுபருக்கும் நன்றாகவே தெரியும். தெரியாமல் கட்டினார் என்று யாராவது சொன்னால் அது பொய்.

அத்திவாரம் வெட்டுகிற அன்று சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு மேசன் ஷிப்லி வந்துவிட்டான். கெட்டிக்காரத் தொழிலாளி, சுவர் எழுப்பினால் நூல் பிடித்தது மாதிரி நிற்கும். அவனுடைய கையில் அடி நாடா.

"காக்கா, எங்கேருந்து அளக்கிற?" என்று கேட்டான்.

"இராவணன் மீசைப் புல்லு முளைச்சிக் கிடக்கிற ஓரத்திலிருந்து. அரசாங்கக் கந்தோர் ஆக்களும் அதிலிருந்துதான் அளப்பாங்க. அறுபத்தஞ்சு மீற்றர் விடணும்."

"அத அடியில சொல்லுங்க. என்ட நாடாவுல மீற்றர் இல்ல."

ஜவுபர் யோசிக்கவே இல்லை. துணி அளந்து அளந்து கணக்கு அவருக்கு நாக்கு நுனியில் இருக்கும். "அறுபத்தஞ்சு மூணு நூத்தித் தொண்ணூத்தஞ்சு" என்றார்.

ஷிப்லி நாடாவை விரித்தபடியே தலையைத் திருப்பினான். "மூணே காலெண்டல்லவா காக்கா சொல்லுவாங்க, மீற்றருக்கு?"

"அந்தக் காலெல்லாம் துணிக்காரன் சும்மா குடுக்கிற கால்டா தம்பி" என்றார் ஜவுபர். சொல்லிவிட்டு, சட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும் என்று நினைத்தார். "நூத்தித் தொண்ணூத்தஞ்சு என்ன, இருநூறா வை. அஞ்சடி கூடப் போட்டதா இருக்கட்டும். பிறகு ஒருத்தன் வந்து கதைக்கக்கூடாது."

இருநூறு அடியில் கல் விழுந்தது. வீட்டுக்குப் பின்னால் இருபதடி நிலம் சும்மா கிடந்தது. கோழி வளர்க்கலாம் என்று விட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல மனம் வரவில்லை. சீமெந்துக்கு வரிசையில் நின்ற காலம் அது. பெற்றோல் இல்லாத நாட்களில் ஜவுபர் துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சம்மாந்துறைக்கு மிதித்தார். சுவர் ஒரு பெருநாளுக்கு ஓரடி ஏறும், அடுத்த பெருநாள்வரை அப்படியே நிற்கும். கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க ஸுலைஹா பழைய சாரத்தைக் கிழித்துச் சுற்றி வைத்தாள். முன்பக்கம் பெரிய ஹோல், பின்னால் இரண்டு அறை, குசினி. ஹோலைப் பெரிதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. நிக்காஹ் நாளில் மாப்பிள்ளையை அழைத்து வந்து உட்கார வைப்பது அங்கேதான். ஊரே வந்து பார்ப்பதும் அந்த ஹோலைத்தான்.

வீடு எழும்ப எழும்ப நஜ்லாவுக்குக் கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை முஸ்தாக், நல்ல பிள்ளை, தொழுகையாளி. அவனுடைய உம்மா றாஹிலா ஒருநாள் வந்து ஹோலின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். "மாஷா அல்லாஹ், நல்ல காத்து" என்றாள். அன்றைக்கே நாள் குறித்தார்கள்.

மிச்சம் இருந்தது கரண்ட் மட்டும்தான். கரண்ட் எடுக்கக் கரையோரக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வேண்டும், கடிதம் தர அளந்து பார்க்க வேண்டும். அளக்க வந்த உத்தியோகத்தருக்குப் பெயர் கிசோக். இளவயது, அமைதியான ஆள். ஜவுபர் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். கிசோக்கும் அதே இராவணன் மீசை ஓரத்தில்தான் நாடாவின் நுனியை வைத்தார். ஜவுபருக்கு மனதில் ஒரு பயமும் இல்லை, இன்னும் சொன்னால் பெருமைதான் இருந்தது. ஐந்தடி கூட விட்டவர் அல்லவா.

நாடா வீட்டின் முன்சுவரைத் தொட்டது. கிசோக் குனிந்து பார்த்தார், இன்னொரு தடவை இழுத்துப் பிடித்துப் பார்த்தார்.

"அறுபது தசம் ஒன்பது ஆறு" என்றார்.

"என்ன சேர்?"

"அறுபத்தொரு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. அறுபத்தஞ்சு வரயில்ல காக்கா."

ஜவுபர் சிரித்தார். நாடாவில் ஏதோ கோளாறு என்றே நினைத்தார். ஓடிப்போய் ஷிப்லியைக் கூட்டி வந்தார். ஷிப்லியின் நாடாவை அதே இடத்தில் வைத்து இழுத்தார்கள். சரியாக இருநூறு அடி, ஒரு நூல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஷிப்லியின் வேலையில் குற்றமே இல்லை. கிசோக்கின் நாடாவிலும் குற்றமில்லை. கிசோக் தன் போனைத் தட்டி அவர் முன்னால் நீட்டினார். அறுபத்தைந்து மீற்றர் என்றால் இருநூற்றுப் பதின்மூன்றே கால் அடி.

ஷிப்லி தலையைக் குனிந்துகொண்டான். "நான் கேட்டன் காக்கா" என்று கூட அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜவுபர் அவன் மேலாவது பாய்ந்து விழுந்திருக்கலாம்.

கிசோக் நாடாவை வீட்டுக்குள்ளே இழுத்துக்கொண்டு போனார். ஹோலுக்குள் நடந்து, ஹோலின் பின்சுவருக்கு முக்கால் அடி முன்னால் நின்று, பக்கச் சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டார். "இதுக்குப் பின்னால உள்ளதுக்குப் பிரச்சினை இல்ல. முன்னால உள்ளத நீங்களே எடுத்திட்டீங்க எண்டா, நான் கடிதம் தாறன். இல்லாட்டி வழக்குத்தான் போகும், பிறகு முழு ஊடும் போயிரும். என்னால செய்யக்கூடியது இவ்வளவுதான் காக்கா" என்றார். நியாயமான மனிதர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"சேர், பதிமூணடி. வெறும் பதிமூணடி. பின்னால இருபதடி சும்மா கிடக்கு சேர். நான் வேணுமெண்டு செய்தா பின்னால இடத்த விட்டிட்டா முன்னுக்கு வருவன்?"

"எனக்கு விளங்குது" என்றார் கிசோக். "ஆனா ஊட்டத் தூக்கிப் பின்னுக்கு வைக்க ஏலாதே."

அவர் போன பிறகு ஜவுபர் ஹோலுக்குள் நின்றார். துணி வெட்டும்போது அவர் அள்ளிக் கொடுத்த அந்த மூன்று அங்குலம்தான் இது என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு மீற்றருக்கு மூன்று அங்குலம் ஒரு பொருட்டே இல்லை. அறுபத்தைந்து தடவை சேர்ந்தால் ஒரு ஹோல்.  சிவப்புக் கோட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தார்.

வீட்டில் அவர் வாய் திறக்கவில்லை. விடிந்ததும் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்படுவதும், மூட்டை அவிழ்க்காமல் கடற்கரைக்கு வந்து நிற்பதுமாகக் கழிந்தது. ஷிப்லியின் நாடாவை வாங்கி வந்து தனியாக அளப்பார். இராவணன் மீசை கொஞ்சம் உள்ளே வளர்ந்திருக்கிற இடத்திலிருந்து அளந்தால் வருமா என்று பார்ப்பார். சாய்வாக அளந்து பார்ப்பார். சாய்வாக அளந்தால் வரும், ஆனால் யார் சாய்வாக அளப்பார்கள்? நண்டு பிடிக்க வந்தவர்கள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அரசியல் பேசுகிற ஒருவரிடம் போய் நின்றார். அவர் தோளில் தட்டி, பார்ப்போம் என்றார். எங்கள் ஊரில் பார்ப்போம் என்றால் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம்.

ஒரு நாள் அஸர்த் தொழுகைக்குப் பிறகு கடலைப் பார்த்துக் கையேந்தினார். "யா அல்லாஹ், இந்தக் கடல ஒரு பதிமூணடி பின்னுக்குத் தள்ளிரு. உனக்கு அது ஒரு வேலையா?" கேட்டு முடிக்கும் முன்பே உடம்பு கூசியது. இதே இடத்தில்தான் மாமாவும் மாமியும் கடலோடு போனார்கள். அந்தக் கடலுக்குப் பயந்துதானே அறுபத்தைந்து மீற்றர் என்று வைத்தார்கள். கையை இறக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிவப்புக் கோட்டைக் கண்டது ஸுலைஹாதான். வீட்டைக் கூட்டிப் பெருக்கப் போனவள், திரும்பி வந்து விளக்குமாற்றைக் கூட வைக்காமல் கேட்டாள். "இஞ்ச பாருங்க. செவத்தில என்ன அது, ரெத்தம் மாதிரி?"

ஜவுபர் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். தான் சொன்ன கணக்கை, ஷிப்லி கேட்ட கேள்வியை, தான் சொன்ன பதிலை. ஸுலைஹா ஏசவில்லை. விளக்குமாற்றைச் சுவரோரம் சாத்தி வைத்தாள். பிறகு, "அந்த மேசன் புள்ள சொன்னத ஒரு சொல்லு கேட்டிருக்கலாமே" என்றாள். ஜவுபருக்கு அது ஏச்சை விட மோசமாகப் பட்டது.

இரண்டு பேருமாக றாஹிலாவிடம் போனார்கள். மறைத்துக் கலியாணம் முடித்து வைக்க ஜவுபருக்கு மனம் ஒப்பவில்லை. றாஹிலா கெட்ட மனுஷி அல்ல. தேநீர் தந்தாள், பொறுமையாகக் கேட்டாள், ஜவுபரின் கண் கலங்கியபோது தானும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதற்குப் பிறகு சொன்னாள்.

"காக்கா, நான் ஒண்டும் மாளிகை கேக்கல்ல. ஆனா ஹோல் இல்லாத ஊட்டுல மாப்பிள்ளைய எங்க இருத்திற? குசினிக்குள்ளாலயா கூட்டிட்டு வாற? எங்கட ஆக்கள் என்ன கதைப்பாங்க? வேற ஒரு ஊடு இருந்தாச் சொல்லுங்க. குறிச்ச நாள்ல முடிப்பம். இல்லாட்டி என்ன நீங்க கோவிக்கக்கூடாது."

பின்னால் கிடந்த இருபதடியில் புது ஹோல் எழுப்பக் கையில் காசும் இல்லை, குறித்த நாளுக்குள் நேரமும் இல்லை. வேறு வீடு என்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

திரும்பி வரும் வழியில் கல்முனைச் சந்தியில் பஸ்ஸுக்காக ஒதுங்கி நிற்கும்போது ஸுலைஹாதான் சொன்னாள். "நாம இரிக்கிற ஊட்ட நஜ்லாவுக்குக் குடுப்பம். வந்த இடம் கைநழுவிப் போனா அவளுக்கு இனி ஒண்டு அமையுமா தெரியா. இருபத்தாறு முடிஞ்சிட்டு."

"அப்ப றுஸ்தாவுக்கு?"

 பஸ் வந்தது, இவர்களை ஏற்றாமலே போனது.

நஜ்லாவிடம் சொன்னபோது அவள் அழுதாள், வேண்டாம் என்றாள், தங்கச்சியின் வீட்டை எடுத்துக்கொண்டு நான் எப்படிச் சந்தோசமாக இருப்பேன் என்றாள். ஆனால் அவளுக்கு முஸ்தாக்கைப் பிடித்திருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அழுகை ஓய்ந்தபோது யாரும் அவளிடம் மறுபடி கேட்கவில்லை. றுஸ்தா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டாள். பத்தொன்பது வயது, பேசினால் ஓயாதவள். அன்றைக்கு எழும்பிப் போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தாள்.

ஹோலை இடிக்க ஷிப்லியே வந்தான். கூலி வேண்டாம் என்றான். அவன் எழுப்பிய சுவர் லேசில் விழவில்லை.  "நல்லா சீமெந்து போட்டிருக்கன் காக்கா, அதுதான்" என்றான் ஷிப்லி, மன்னிப்புக் கேட்கிற குரலில். நண்பகல் ளுஹருக்குள் கூரை இறங்கியது, அந்தி மஃரிபுக்குள் சுவர் தரையோடு வந்தது. கிசோக் சொன்ன சொல் மாறாமல் கடிதம் தந்தார். மிஞ்சியிருந்த இரண்டு அறைக்கும் குசினிக்கும் கரண்ட் வந்தது. இரண்டு அறையின் வாசலும் நேரே கடலைப் பார்த்துத் திறந்தன.

கலியாணம் குறித்த நாளில் நடந்தது. ஊர் வந்தது, சாப்பிட்டது, பெண்ணும் மாப்பிள்ளையும் நல்ல பொருத்தம் என்றது. குடியிருந்த வீட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஜவுபர் எல்லோரையும் கையைப் பிடித்து வரவேற்றார், சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த வீரமுனைப் பெண்கள் இரண்டு பேர், காக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று ஸுலைஹாவிடம் கேட்டார்கள்.

அடுத்த கிழமை மூன்று பேரும் சாமான்களை ஏற்றிக்கொண்டு கடற்கரை வளவுக்குக் குடி போனார்கள். ஆட்டோவில் கடைசிச் சுற்று வந்தபோது ஸுலைஹா குசினிக்குள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். றுஸ்தா தன் உடுப்புப் பெட்டியை இறக்கி, உடைந்த ஹோலின் தரையில் வைத்தாள். சுவர் இல்லாத அந்தத் தரையில் சீமெந்து மினுங்கிக்கொண்டு கிடந்தது, காற்று மணலை அள்ளி அதன் மேல் போட்டது. அவள் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜவுபர் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடிக்கக் குனிந்தார்.

"வாப்பா" என்றாள்.

"என்ன மகள்?"

"நாளைக்கு என்னக் கேட்டு ஆரும் வந்தா, ஊடு இல்லெண்டு முதல்லயே சொல்லிருங்க. வந்து பாத்திட்டுப் போக வெக்காதீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்தாவது அழுதிருப்பார். பாவம், அவருக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்றுதான் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க ஜவுபரால் முடியவில்லை. பெட்டியைத் தூக்கினார். அது கனமாகவே இல்லை.

"ஓம் மகள்" என்றார்.